வியாழன் பிறந்த இடமும் இருக்கிற இடமும்

உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பு. சூரியனுக்குப் பக்கத்தில் சூடு அதிகம், அதனால் அங்கே பாறைக் கோள்கள். தூரத்தில் குளிர், அதனால் அங்கே பெரிய வாயுக் கோள்கள் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவன் பார்த்த ஒரு வீடியோவில், வியாழன் மாதிரியான கோள் ஒன்று தன் நட்சத்திரத்தை நாலே நாளில் சுற்றி வருகிறது என்கிறார்கள். “அப்போ பாடம் தப்பா? நம்ம வியாழனும் ஒரு நாள் உள்ளே வந்துடுமா?” என்று கேட்கிறான், என்ன சொல்வது என்று திருவொற்றியூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குப் பட்டது இதுதான்: அவன் கேட்பது உண்மையில் இரண்டு கேள்வி. ராட்சதக் கோள் எங்கே, எப்படி உண்டாகிறது என்பது ஒன்று. உண்டான இடத்திலேயே அது இருந்தாக வேண்டுமா என்பது இன்னொன்று. பாடம் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறது. அந்தப் பதில் பெரும்பாலும் சரி. இரண்டாவதை அது தொடுவதே இல்லை. பையனுக்கு வந்த குழப்பம் அந்த இடைவெளியில் வந்தது.

என்னைப் பற்றி ஒரு வரி. வாயு வட்டுக்குள் கோள்கள் எப்படி இடம் பெயர்கின்றன என்ற கணக்கில்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். பிறகு பதினெட்டு வருடமாக வடசென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன், வீடு ராயபுரம். சுற்றுப்பாதை, வட்டு சம்பந்தப்பட்டதெல்லாம் என் கையால் போட்டுப் பார்த்த கணக்கு. வியாழனின் உட்புறம், விண்கல் வேதியியல் இரண்டும் மற்றவர்கள் அளந்ததை நான் படித்துத் தெரிந்துகொண்டவை. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். சூரியக் குடும்பத்தின் வயது சுமார் 456.7 கோடி ஆண்டுகள். விண்கற்களுக்குள் இருக்கும் மிகப் பழைய வெள்ளைத் துணுக்குகளின் வயதை அளந்து எடுத்த எண் அது. 1969-ல் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே விண்கல்லில் அந்தத் துணுக்குகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அப்போது இளம் சூரியனைச் சுற்றி ஒரு பெரிய வட்டு சுழன்றுகொண்டிருந்தது. அதில் ஏறக்குறைய 99 பங்கு ஹைட்ரஜனும் ஹீலியமும், மீதி ஒரு பங்குதான் தூசியும் பனியும். இது ஊகம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் மற்ற இளம் நட்சத்திரங்களைச் சுற்றி அப்படிப்பட்ட வட்டுகளை நேராகவே பார்க்கிறோம். சிலியில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி 2014-ல் எச்எல் டாரி என்ற நட்சத்திரத்தைப் படம் பிடித்தபோது, வட்டில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிந்தன. அந்தப் படம் வந்த அன்று எங்கள் துறையில் இருந்தவர்கள் எல்லோரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பிடிஎஸ் 70 என்ற இன்னொரு நட்சத்திரத்தின் வட்டில், இன்னும் வாயுவை உறிஞ்சி வளர்ந்துகொண்டிருக்கும் இரண்டு ராட்சதக் கோள்களை 2018-லும் 2019-லும் கண்டுபிடித்தார்கள். பிறந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்ட குழந்தைகள் அவை.

அந்த வாயு நிரந்தரமாக இருக்காது. பாதிக்குப் பாதி நட்சத்திரங்களில் 20, 30 லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே காணாமல் போய்விடுகிறது. 1 கோடி ஆண்டு தாண்டி இருப்பது அபூர்வம். கொஞ்சம் நட்சத்திரத்தில் விழுகிறது, மீதி நட்சத்திரத்தின் ஒளி சூடாக்குவதால் ஆவியாகி வெளியே போகிறது. வியாழனின் எடை 318 பூமி. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன், ஹீலியம். அப்படியானால் வாயு தீர்வதற்குள் அது முழுக்கச் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். பூமி உருவாக அதைவிடப் பல மடங்கு காலம் ஆகியிருக்கிறது. ராட்சதக் கோளுக்கு அந்த அவகாசம் இல்லை.

எப்படி இவ்வளவு வேகம்? பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம், முதலில் பாறையும் பனியுமாக ஓர் உட்கரு உருவாகிறது, அது பூமியைப்போல் 10 மடங்கு எடையைத் தொடும்போது சுற்றியுள்ள வாயுவைத் தன் ஈர்ப்பால் போர்த்திக்கொள்கிறது என்பது. போர்வையின் எடை உட்கருவின் எடையை எட்டியதும் நிலைமை கட்டுமீறுகிறது. எடை கூடக் கூட இழுப்பு கூடும், இழுப்பு கூடக் கூட எடை கூடும். சில ஆயிரம் முதல் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான பூமி எடையுள்ள வாயு சரிந்து உள்ளே விழுந்துவிடும். யுரேனஸும் நெப்டியூனும் முறையே 14.5, 17 பூமி எடையோடு நின்றுபோனவை. வாயு தீர்ந்த பிறகு பந்திக்கு வந்தவை என்று வகுப்பில் சொல்வேன்.

உட்கரு ஏன் வெளியே உண்டாக வேண்டும் என்பதற்குப் பாடம் சொல்லும் காரணம் சரியானதே. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு போனால் தண்ணீர் ஆவியாக இருக்காது, பனியாக உறைந்துவிடும். அங்கே திடப்பொருள் திடீரென்று அதிகமாகிறது, கட்டுமானத்துக்குச் சரக்கு தாராளம். வியாழன் இன்று அந்த எல்லைக்கு வெளியே, 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது.

ஆனால் தூசி எப்படி உட்கருவாகிறது என்ற இடத்தில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக்கில் போகும்போது, இலை அசையாத நாளிலும் முகத்தில் காற்று அடிக்கும். நாம் வேகமாகப் போகிறோம், காற்று நிற்கிறது, அவ்வளவுதான். வட்டிலும் அப்படித்தான். வாயுவுக்கு அழுத்தம் உண்டு. அந்த அழுத்தம் அதைக் கொஞ்சம் தாங்கிப் பிடிப்பதால், அதே தூரத்தில் சுற்றும் ஒரு கல்லைவிட வாயு சற்று மெதுவாகச் சுற்றினால் போதும். கல்லுக்கோ அந்தத் தாங்கல் இல்லை. ஆகவே அதற்கு ஓயாமல் எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் கல் வேகத்தை இழக்கும், இழந்தால் உள்ளே சரியும். 1977-ல் வைடன்ஷில்லிங் போட்ட கணக்குப்படி, பூமி இருக்கும் தூரத்தில் ஒரு மீட்டர் அளவுள்ள பாறை நூறு ஆண்டு வாக்கில் சூரியனில் போய் விழுந்துவிடும். கோள் உருவாக லட்சக்கணக்கான ஆண்டு வேண்டும், செங்கல்லுக்கோ நூறு ஆண்டுதான் ஆயுள். நான் மாணவனாக இருந்தபோது இதை மீட்டர் தடை என்று சொல்லிக் கொடுத்தார்கள். தாண்டுவது எப்படி என்று யாருக்கும் பிடி கிடைக்காத காலம்.

பிடி கிடைத்தது 2005-க்குப் பிறகு. சரிந்து வரும் கூழாங்கற்கள் ஓரிடத்தில் கொஞ்சம் கூட்டமாகிவிட்டால், அவை சுற்றியுள்ள வாயுவையும் தங்களோடு இழுத்து வேகப்படுத்துகின்றன. எதிர்க்காற்று குறைகிறது, பின்னால் வரும் கற்கள் அங்கே வந்து சேர்கின்றன, கூட்டம் பெருகுகிறது. ஒரு கட்டத்தில் அந்தக் கூட்டம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி நூறு கிலோமீட்டர் அளவுள்ள உருண்டையாகிவிடும், மீட்டர் அளவைத் தொடாமலேயே. அந்த உருண்டைகளில் பெரியது, சரிந்து போகும் மற்றக் கூழாங்கற்களை வழியிலேயே பிடித்துக்கொண்டு வேகமாகப் பருக்கும். எது நம்மைக் கெடுக்கிறது என்று நினைத்தோமோ அந்தச் சரிவுதான் இப்போது தீனி. இந்தப் பகுதி கணிப்பு மாதிரிகளில் நன்றாக வேலை செய்கிறது, நான் நம்புகிறேன். கண்ணால் கண்ட சாட்சி என்று சொல்லும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

இன்னொரு கட்சியும் உண்டு. வட்டே கனமாகவும் குளிராகவும் இருந்தால் உட்கரு எதுவும் தேவையில்லை, வாயு நேராகவே துண்டு துண்டாக உடைந்து கோளாகிவிடும் என்பார்கள். எச்ஆர் 8799 என்ற நட்சத்திரத்தைச் சுற்றி மிகத் தூரத்தில் நான்கு பெரும் கோள்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களுக்கு இந்த வழி பொருந்தலாம் என்று வாதம் நடக்கிறது. நம் வியாழனுக்கு உட்கரு வழிதான் என்பது என் தீர்மானம். ஜூனோ விண்கலம் 2016-ல் வியாழனை அடைந்து அதன் ஈர்ப்பை நுணுக்கமாக அளந்தது. உட்கரு கெட்டியான உருண்டையாக இல்லாமல், கோளின் ஆரத்தில் ஏறத்தாழப் பாதி வரை கரைந்து பரவிக் கிடப்பதாக அந்த அளவுகள் காட்டுகின்றன. இது நான் படித்துத் தெரிந்த பகுதி. ஏன் அப்படிக் கரைந்தது என்பதற்குப் பெரிய மோதல் ஒன்றைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், மெதுவான வளர்ச்சியின் போக்கே அதுதான் என்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி பையனின் இரண்டாவது கேள்வி. 1995 அக்டோபரில் மிஷேல் மேயர், திதியே கெலோஸ் இருவரும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தில் வியாழனின் பாதி எடையுள்ள ஒரு கோளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அது ஒரு சுற்று முடிக்க எடுப்பது 4.2 நாள். புதனுக்கே 88 நாள் ஆகிறது. வீடியோவில் உங்கள் மகன் பார்த்தது இதையாகத்தான் இருக்கும். அவர்களுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவிலிருந்தும் இப்படிப்பட்டவற்றைப் பிடித்திருக்கிறோம்: அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் அபு மலையில் உள்ள தன் தொலைநோக்கியை வைத்து, 3.2 நாளில் சுற்றும் டிஓஐ 1789பி என்ற கோளை உறுதிசெய்தது. எடை வியாழனின் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, பருமனோ வியாழனைவிட 1.4 மடங்கு. அவ்வளவு சூட்டில் உப்பிக் கிடக்கிறது. இவற்றைச் சூடான வியாழன்கள் என்கிறோம். சூரியன் மாதிரி நட்சத்திரங்களில் நூற்றுக்கு ஒன்றில், அல்லது அதற்கும் குறைவாகத்தான் இவை உண்டு என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். கண்டுபிடிக்க எளிது என்பதால் செய்தியில் அதிகம் அடிபடுகின்றன.

அங்கே அவை பிறந்திருக்க முடியுமா? முடியும் என்று சிலர் கணக்கு காட்டியிருக்கிறார்கள். எனக்கு அது கடினமாகத்தான் தோன்றுகிறது. அவ்வளவு நெருக்கத்தில் சரக்கும் போதாது. தூரத்தில் பிறந்து உள்ளே நகர்ந்தன என்பதுதான் இயல்பான விளக்கம். அழகு என்னவென்றால், நகர்வுக்கான கணக்கு 51 பெகாசிக்கு முன்பே தயாராக இருந்தது. 1980-லேயே கோல்ட்ரைக், ட்ரெமைன் இருவரும் அதை எழுதிவிட்டார்கள். 15 வருடம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள ஆள் இல்லை.

அந்தக் கணக்கு இதுதான். வாயுவுக்குள் சுற்றும் கோள் தன் ஈர்ப்பால் வாயுவில் இரண்டு சுருள் அலைகளைக் கிளப்பும். உள்பக்க அலை கோளுக்கு முன்னால் ஓடும், ஏனென்றால் உள்ளே இருப்பதெல்லாம் வேகமாகச் சுற்றும். வெளிப்பக்க அலை பின்தங்கி வரும். முன்னால் போகிற அலை கோளை முன்னுக்கு இழுக்கும், பின்தங்கியது பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சரிசமம் என்றால் ஒன்றும் நடக்காது. ஆனால் வழக்கமாக வெளி அலை கொஞ்சம் பலமாக இருக்கும். அந்தக் கொஞ்சம் போதும்: கோள் தன் சுழற்சி உந்தத்தை இழந்து உள்ளே சரியத் தொடங்கும். 10 பூமி எடையுள்ள உட்கருவுக்கு ஒரு லட்சம் ஆண்டுகளை ஒட்டிய காலத்திலேயே பாதை சுருங்கிவிடும் என்று எளிய கணக்கு சொல்கிறது. வாயு இருப்பதோ 20, 30 லட்சம் ஆண்டு. அப்படியானால் எல்லா உட்கருக்களும் ராட்சதனாகும் முன்பே சூரியனில் விழுந்திருக்க வேண்டுமே!

என் ஆய்வு முழுக்க இந்த ஒரு ஆச்சரியக்குறிக்குள்தான் நடந்தது. கோளோடு சேர்ந்து அதே பாதையில் குதிரைலாட வடிவில் போய்வரும் வாயு கொடுக்கும் தள்ளல், வட்டின் வெப்பம் இடத்துக்கு இடம் மாறுவது, இவற்றையெல்லாம் சேர்த்தால் சில இடங்களில் சரிவு நின்றுவிடும், ஏன், வெளியே திரும்பவும் செய்யும். ஆனால் அந்த இடங்கள் எங்கே என்பது வட்டின் வெப்பநிலையைப் பற்றி நாம் வைக்கும் அனுமானத்தைப் பொறுத்தது. அனுமானத்தை இலேசாக மாற்றினேன், கோள் நின்ற இடம் மாறியது. நான்கு வருடம் உட்கார்ந்து போட்ட கணக்கின் முடிவு அதுதான். கோள் நகரும் என்பது நிச்சயம். எவ்வளவு தூரம், எங்கே நிற்கும் என்பதை ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு அடித்துச் சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை.

கோள் வியாழன் அளவுக்குப் பெரிதானதும் தன் பாதையில் வாயுவை ஒதுக்கி ஓர் இடைவெளியே வெட்டிவிடும். அதன் பிறகு வேகம் குறையும். இடைவெளிக்குள் மாட்டிக்கொண்டு, வாயு நகரும் வேகத்திலேயே கோளும் நகரும் என்று நாங்கள் படித்தோம். கடந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கணிப்புகள் வாயு அந்த இடைவெளியைத் தாண்டிப் போகிறது என்று காட்டியதால், அந்தப் பாடத்தையும் திருத்த வேண்டியதாயிற்று.

உள்ளே வர வாயு மட்டும்தான் வழி என்றும் இல்லை. இரண்டு மூன்று ராட்சதக் கோள்கள் ஒன்றையொன்று நெருங்கினால், ஒன்று வெளியே வீசப்படும், மற்றொன்று மிக நீண்ட நீள்வட்டத்தில் மாட்டும். ஒவ்வொரு சுற்றிலும் நட்சத்திரத்தை உரசுகிற மாதிரிப் போய் வரும்போது, ஓதவிசை (நிலா நம் கடலை இழுத்து ஏற்றுவது போன்ற ஈர்ப்பு) கோளையே பிசைந்து சூடாக்கிப் பாதையைச் சுருக்கும். எச்டி 80606பி என்ற கோள் 111 நாளில் சுற்றுகிறது, அதன் பாதை ஒரு வால்வெள்ளியின் பாதை போல நீண்டு கிடக்கிறது. அந்தச் சுருக்கத்தின் நடுவில் நாம் பார்க்கிற கோளாக அது இருக்கலாம். வாஸ்ப் 17பி மாதிரிச் சில கோள்கள் தங்கள் நட்சத்திரம் சுழலும் திசைக்கு எதிர்த்திசையிலேயே சுற்றுகின்றன. வாயு வட்டுக்குள் அமைதியாக நகர்ந்து வந்த கோளுக்கு அப்படித் தலைகீழாவது கடினம். ஆகவே இரண்டு வழியும் நடந்திருக்கிறது. எது எத்தனை சதவீதம் என்பதில்தான் சண்டை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். நம் ராட்சதர்களில் இடம் மாறியதற்கு மிகத் தெளிவான சாட்சி வைத்திருப்பது நெப்டியூன், அந்தச் சாட்சி புளூட்டோ. நெப்டியூன் சூரியனைச் சுற்ற 165 ஆண்டு, புளூட்டோவுக்கு 248. மூன்றுக்கு இரண்டு என்று கச்சிதமாகப் பொருந்துகிறது. புளூட்டோவின் பாதை நெப்டியூனின் தூரத்துக்கும் உள்ளே வருகிறது. 1979 முதல் 1999 வரை அதுதான் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனாலும் இந்தத் தாளக்கட்டு காரணமாக இரண்டும் ஒருபோதும் நெருங்குவதில்லை. இது எப்படி அமைந்தது? 1993-ல் ரேணு மல்ஹோத்ரா ஒரு பதில் சொன்னார். நெப்டியூன் முன்பு உள்ளே இருந்தது, மெல்ல வெளியே நகர்ந்தது, நகரும்போது புளூட்டோவைத் தாளத்தில் பிடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டே போனது. புளூட்டோவின் பாதை இவ்வளவு நீண்டிருக்க வேண்டுமென்றால், நெப்டியூன் குறைந்தது பூமி–சூரியன் தூரத்தைப்போல் 5 மடங்காவது நகர்ந்திருக்க வேண்டும் என்றும் கணக்கு காட்டினார். புளூட்டோ மாதிரியே அதே தாளத்தில் சிக்கிய இன்னும் பல சிறு பொருட்கள் இருக்கும் என்பது அதன் விளைவு. பின்னாளில் தொலைநோக்கிகள் அவற்றைக் கொத்துக் கொத்தாகக் கண்டுபிடித்தன.

வாயு தீர்ந்த பிறகு நெப்டியூனை நகர்த்தியது யார்? காசிமேட்டில் படகிலிருந்து கரைக்கு ஒருவர் குதித்தால் படகு கடல் பக்கம் பின்வாங்கும், பார்த்திருப்பீர்கள். நெப்டியூனைச் சுற்றி மிச்சம் கிடந்த பனிப்பாறைகளை அது உள்பக்கம் வீசியது, வீசியதற்குப் பதிலாக அது ஒரு துளி வெளியே நகர்ந்தது. உள்ளே போன பாறையை யுரேனஸ் வாங்கி சனிக்கும், சனி வியாழனுக்கும் கை மாற்றிவிட, வியாழன் அதைச் சூரியக் குடும்பத்துக்கு வெளியே எறிந்துவிடும். எறிந்த வியாழன் மட்டும் ஒரு துளி உள்ளே வரும். கோடிக்கணக்கான முறை இது நடந்தது.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு மாணவர்கள் இதைத் தங்கள் இறுதியாண்டு வேலையாக எடுத்தார்கள். நான்கு ராட்சதக் கோள்கள், ஆயிரம் சிறு பாறைகள், இலவச மென்பொருள், பழைய ஒரு கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். திங்கட்கிழமை காலை திரையில் நான்கு கோடுகள். வியாழனின் கோடு கிட்டத்தட்டப் படுத்துக் கிடந்தது, கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் கொஞ்சம் இறங்கியிருப்பது தெரியும். நெப்டியூனின் கோடு மட்டும் சின்னச் சின்னப் படிகளாக மேலே ஏறிக்கொண்டே போயிருந்தது. “யாரோ கயிறு கட்டி இழுக்கற மாதிரி போவுது சார்” என்றான் ஒருவன். அந்த ஒவ்வொரு படியும் ஒரு பாறையை அது வீசிய தருணம். அவன் சுட்டு விரலை அந்தப் படிகளின் மேலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

இதிலிருந்து நைஸ் மாதிரி என்ற பெரிய கதை 2005-ல் வந்தது. பிரான்சின் நைஸ் நகரில் உருவானதால் அந்தப் பெயர். ராட்சதக் கோள்கள் நான்கும் முதலில் நெருக்கமாக இருந்தன, பிறகு ஒரு கட்டத்தில் தாளம் குலைந்து, ஒன்றையொன்று உலுக்கி இன்றைய இடங்களுக்குச் சிதறின என்கிறது அது. உலுக்கல் ஒன்று நடந்தது என்பதைப் பெரும்பாலோர் இன்று ஏற்கிறோம். அது எப்போது என்பதில் முதல் பதில் நிலைக்கவில்லை. அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த நிலாப் பாறைகளில் பதிந்திருந்த மோதல்களின் வயதை வைத்து, 390 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தார்கள். பின்னர் அந்தப் பாறைகளின் வாசிப்பே கேள்விக்குள்ளானது. இப்போது, கோள்கள் பிறந்த முதல் 10 கோடி ஆண்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது என்ற பக்கம்தான் எடை சாய்கிறது. ஐந்தாவதாக ஒரு ராட்சதக் கோள் இருந்தது, இந்த உலுக்கலில் வெளியே வீசப்பட்டுவிட்டது என்பதும் 2011-ல் வந்த கருத்து. கணிப்புகள் அதை விரும்புகின்றன. ஆனால் தொலைந்துபோன கோளைக் கொண்டுவந்து காட்ட யாராலும் முடியாது.

இன்னொரு கதையும் அதே 2011-ல் வந்தது. வியாழன் செவ்வாய் இருக்கும் இடம் வரை, சூரியனிலிருந்து 1.5 மடங்கு தூரம் வரை, உள்ளே வந்து, பின்னாலேயே வந்த சனியோடு தாளம் சேர்ந்ததும் இரண்டுமாகத் திரும்பி வெளியே போயின என்று. பாய்மரப் படகு திசை திருப்புவதுபோல என்று பெயரே வைத்தார்கள். செவ்வாய் ஏன் பூமியின் பத்தில் ஒரு பங்கு எடைதான் இருக்கிறது என்பதற்கு அழகான பதில் இது. அழகு என்பதற்காகவே பல வீடியோக்களில் நடந்த சம்பவம் போலச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். செவ்வாய் சின்னதாக இருப்பதற்கு வேறு வழிகளும் உண்டு, வியாழன் திரும்புவதற்குத் தேவையான வட்டு நிலைமைகள் குறுகலானவை.

வியாழன் சீக்கிரமே பெரிதாகிவிட்டது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஒன்று உண்டு, அதை நம் கடற்கரையைக் காட்டித்தான் சொல்ல முடியும். நம் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கூட்டிக் கழித்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும், தெற்கே வந்த மணல் சுவரில் முட்டி நின்றது. மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. இன்று நம் பக்கம் இருப்பது கருங்கல் கொட்டிய தடுப்பும் தூண்டில் வளைவுகளும். ஒரு தூண்டில் வளைவின் மேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள்: தெற்கே படகு ஏற்றி வைக்கிற அளவுக்கு மணல் மேடு, வடக்கே கல்லில் நேராக அலை. நடுவில் பத்தடிதான். எங்கள் தெருப் பெரியவர்கள் வடக்குப் பக்கத்தைக் காட்டி, “அங்கதான் கபடி ஆடுவோம்” என்பார்கள்.

வட்டில் வெளியிலிருந்து உள்ளே சரிந்து வரும் கூழாங்கற்களுக்கு வியாழன் இந்தத் துறைமுகச் சுவர். உட்கரு சுமார் 20 பூமி எடையைத் தொட்டதும் வாயுவின் அழுத்தத்தில் ஒரு மேடு எழும்பும். வெளியிலிருந்து வரும் கல் அங்கே எதிர்க்காற்றை இழந்து நின்றுவிடும். உள்ளே வரத்து அறுந்துபோகும். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரக்கு கலக்காமல் இருந்தால், இரண்டு பக்கத்து விண்கற்களிலும் வித்தியாசம் தெரிய வேண்டும் அல்லவா? தெரிகிறது. மாலிப்டினம், டங்ஸ்டன் போன்ற உலோகங்களின் ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது ஒரே உலோகத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பார்த்தால், பூமியில் விழும் விண்கற்கள் பளிச்சென்று இரண்டு குடும்பமாகப் பிரிந்துவிடுகின்றன. 2017-ல் ஒரு ஜெர்மன் ஆய்வுக்குழு அந்தப் பிரிவின் வயதைக் கணித்தது: சூரியக் குடும்பம் தொடங்கி 10 லட்சம் ஆண்டுக்குள்ளேயே பிரிவு நடந்துவிட்டது, பல லட்சம் ஆண்டுகள் அப்படியே நீடித்தது. அதாவது வியாழனின் உட்கரு அதற்குள் தயார். இரண்டு குடும்பம் என்பது உறுதி. பிரித்த சுவர் வியாழன்தானா, அல்லது வட்டிலேயே முன்பிருந்து இருந்த வேறு ஒரு மேடா என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. பல நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் பூமியைவிடப் பல மடங்கு கனமான கோள்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, நம் குடும்பத்தில் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் சேர்ந்து இரண்டு பூமி எடைதான் தேறுகிறது. வரத்து நின்ற கரையில் நாம் பிறந்தோம் என்பது என் சாய்வு.

கடைசியாக, நம் வியாழன் இனி உள்ளே வருமா என்பது. வராது. இதை நான் தயங்காமல் சொல்வேன். உள்ளே தள்ளும் வாயு 450 கோடி ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது, வீசுவதற்குப் பாறைகளும் மிச்சமில்லை. இப்போது இருப்பது சின்ன ஆட்டம் மட்டுமே. வியாழன் ஐந்து சுற்று சுற்றுவதற்குள் சனி கிட்டத்தட்ட இரண்டு சுற்று முடிக்கும். அந்தக் கிட்டத்தட்டவின் காரணமாக இரண்டும் சுமார் 900 ஆண்டுக் கால அளவில் ஒன்றையொன்று முன்னும் பின்னும் தள்ளிக்கொள்கின்றன. வியாழன் வேகமெடுக்கிறது, சனி மந்தமாகிறது என்று அக்காலத்து வானியலாளர்கள் கவலைப்பட்டார்கள். 1785-ல் லாப்லாஸ் இந்த 900 ஆண்டு ஊசலைக் கண்டுபிடித்து அந்தக் கவலையைத் தீர்த்தார். 2020 டிசம்பரில் இரண்டும் வானத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரித் தெரிந்த வாரம், மொட்டை மாடித் தொலைநோக்கியின் ஒரே பார்வைக்குள் வியாழனையும் சனி வளையத்தையும் தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அடுத்து இரண்டும் பக்கத்தில் வருவது 2040-ல், அந்த அளவுக்கு ஒட்டாது என்றாலும் உங்கள் மகனும் பார்க்கலாம்.

நீண்ட காலத்தில் ஆபத்து எதற்கு என்று கேட்டால், புதனுக்கு. 2009-ல் லஸ்கர், காஸ்தினோ இருவரும் 500 கோடி ஆண்டுக்கு 2,500 தடவை கணக்கை ஓட்டிப் பார்த்ததில், நூற்றுக்கு ஒரு தடவை புதனின் பாதை கட்டுக்கடங்காமல் நீண்டது. வியாழன் எல்லாவற்றிலும் தன் இடத்திலேயே இருந்தது. இது கணிப்புதானே, சாட்சி உண்டா என்று பையன் கேட்டால், உண்டு. வியாழனும் வெள்ளியும் சேர்ந்து இழுப்பதால் பூமியின் பாதை 4.05 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை நீண்டு சுருங்குகிறது. அதோடு மழையும் ஏரிகளின் ஆழமும் மாறுகின்றன. அமெரிக்காவில் நியூ ஜெர்சிப் பக்கத்துப் பழைய ஏரிச் சேற்றுப் பாறைகளையும், அரிசோனாவில் துளைபோட்டு எடுத்த பாறைத் தண்டின் வயதையும் ஒப்பிட்டு 2018-ல் ஆராய்ந்தார்கள். 21.5 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் இன்னும் சின்னதாகத் திரிந்த காலத்தில் படிந்த அந்தச் சேற்றிலும் அதே 4.05 லட்சம் ஆண்டு வரிகள்தான் இருந்தன.